துண்டுச் சீட்டும் பாட்டுக் கணக்கும்

மன்னாரிலிருந்து தலைமன்னாருக்குச் செல்லும் தனியார் பஸ் வண்டியொன்றில் ஒரு பாட்டைக் கேட்டேன். இசை பற்றிய விமர்சனத்தை இவ்வாறு தொடங்குவது முறையன்று என்பதை அறிவேன். ஆயினும் கேட்ட இடமும் பாட்டின் பொருளும் ஒன்றோடொன்று பிணைந்து கிடப்பதால், இடத்தை விடுத்துப் பாட்டை மட்டும் பேச என்னால் இயலவில்லை. பேசாலையைக் கடந்து, இருமருங்கும் பனையும் உடையும் நிற்கும் அந்தத் தெருவில் வண்டி விரைகையில், சாரதியின் தலைக்கு மேலிருந்த ஒலிபெருக்கி 'என்ஜாய் எஞ்சாமி'யை உரக்கப் பாடிற்று. பின்னிருக்கையில் இருந்த இளைஞர்கள் தாளம் போட்டனர். மீன்கூடையுடன் அமர்ந்திருந்த ஒரு தாய் உறங்கிக்கொண்டிருந்தார். பாட்டு முடிந்து வேறொரு சினிமாப் பாட்டு ஆரம்பமாகிய சிறிது நேரத்தில் வண்டி இறங்குதுறையை அடைந்தது. அப்பாட்டில் வரும் பாட்டியின் தலைமுறையினரில் எத்தனை ஆயிரவர் இதே துறையில் கால்வைத்திருப்பர் என்ற எண்ணம் அப்போதுதான் எனக்கு உதித்தது.

தலைமன்னார்த் துறை இன்று துருவேறிய இரும்பும் கடற்காற்றுமாகக் கிடக்கிறது. 1914ஆம் ஆண்டு தனுஷ்கோடிக்கும் இதற்கும் இடையே நீராவிக் கப்பல் ஓடத் தொடங்கியது. இந்தியப் புகைவண்டியும் இலங்கைப் புகைவண்டியும் கடலால் இணைந்தன. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்த பின்னர் கப்பல் இராமேசுவரத்திலிருந்து வந்தது. 1984இல் அதுவும் நின்றது. போர் முடிந்து, 2015இல் இறங்குதுறை வரை தண்டவாளம் மீண்டும் போடப்பட்டது. வண்டி வருகிறது. கப்பல் வருவதில்லை.

கப்பலுக்கும் முந்திய கதை கொடியது. 1820களிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கென அழைத்து வரப்பட்ட தென்னிந்திய உழைப்பாளர்கள் தோணிகளில் வந்து மன்னார்க் கரையில் இறங்கினர். அங்கிருந்து மாத்தளை வரை, நூற்றைம்பது மைலுக்குக் குறையாத காட்டுவழியை நடந்தே கடந்தனர். வாந்திபேதியும் காய்ச்சலும் பசியும் அவர்களை வழியெங்கும் வீழ்த்தின. இறந்தோர் தொகையை அக்காலப் பத்திரிகையே பல பதினாயிரம் எனக் கணித்தது. பின்னர் 1948இன் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களின் சந்ததியாரை நாடற்றவராக்கிற்று. 1964 அக்டோபரில் கொழும்பும் டில்லியும் செய்துகொண்ட ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென எண்ணிக்கை போட்டது. மனிதரைத் தலைக்கணக்காகப் பங்கிட்ட அந்த ஒப்பந்தத்தின்படி திரும்பியோரிற் பெருந்தொகையினர் இந்தத் துறையிற்றான் கப்பலேறினர். மண்டபம் முகாம் அவர்களை ஏற்றுக்கொண்டது.

இவ்வளவையும் மனத்திற்கொண்டு பாட்டுக்கு வருவோம்.

'என்ஜாய் எஞ்சாமி' 2021 மார்ச் மாதம் வெளிவந்தது. தீ என்ற இளம் பாடகியும் அறிவு என்ற கவிஞரும் பாடினர். இசைத் தயாரிப்பு சந்தோஷ் நாராயணன். ஏ. ஆர். ரகுமானின் ஆதரவுடன் தொடங்கிய மாஜா என்ற நிறுவனம் அதை வெளியிட்டது. சினிமாவைச் சாராத ஒரு தமிழ்ப் பாட்டு இத்துணைப் பேரை எட்டியது முன்னர் நிகழ்ந்ததன்று. 40 கோடிக்கு மேற்பட்ட தடவை அந்தக் காட்சிப்பதிவு பார்க்கப்பட்டிருக்கிறது. பாட்டின் கருவாக நின்றவர் அறிவின் பாட்டி வள்ளியம்மாள். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துப் பின்னர் தமிழகம் சேர்ந்தவர். காட்சிப்பதிவில் அவர் அரியணையில் வீற்றிருக்கிறார். 'என் சாமி' என்பது நிலமற்றவன் நிலமுடையவனை விளிக்கும் சொல். அச்சொல்லை நிலமுடையவனிடமிருந்து பறித்து, தாய்க்கும் பேரனுக்கும் மரத்துக்கும் பறவைக்கும் உரிமையாக்குகிறது பாட்டு. ஒரு சொல்லின் வர்க்க நிலையை மாற்றுவது எளிய காரியமன்று. இதனை அறிவு ஒரு பிரசங்கமும் செய்யாமற் சாதித்திருக்கிறார்.

அவர் தனித்து முளைத்தவரல்லர். 2018 ஜனவரி 6ஆம் நாள் சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் ஒரு பள்ளி மைதானத்தில் 19 பேர் மேடையேறினர். திரைப்பட இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசைஞர் தென்மாவும் உருவாக்கிய குழு அது. 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' என்ற பெயர் பண்டிதர் அயோத்திதாசரின் சாதியற்ற தமிழர் என்ற கருத்திலிருந்து பிறந்தது. மின்கித்தாரும் மேனாட்டு டிரம்ஸும் ஒருபுறம், பறையும் சட்டியும் கானாவும் மறுபுறம். வடசென்னையில் பிணத்தின் முன் இரவு முழுவதும் பாடப்படும் கானா, ரொக் இசையின் முரட்டு ஒலியோடு கைகோத்தது. இசைவாணி போன்ற பெண்ணொருத்தி, ஆண்களே ஆண்டுவந்த கானாவை அம்மேடையில் தனதாக்கினார். இடஒதுக்கீடு, மாட்டிறைச்சி, கோவிலுக்குட் பெண் நுழைதல் ஆகியன பாட்டின் பொருளாயின. மேனாட்டில் 'மாற்று ரொக்' எனப்படுவது பெரும்பாலும் மத்தியதர வாலிபனின் மனக்கசப்பு. இங்கோ அந்த வடிவம் சேரியின் கைக்கு வந்து வேறொன்றாயிற்று. எந்த வடிவமும் பிறந்த இடத்துக்கே கட்டுப்பட்டதன்று என்பதற்கு இதனினும் நல்ல சான்று அண்மைக்காலத் தமிழில் இல்லை.

இவ்விடத்தில் ஈழத்து வாசகர் ஒருவர் புருவம் உயர்த்தலாம். அது நியாயமே. 1966இல் யாழ்ப்பாணத்தில் தீண்டாமைக்கு எதிரான போராட்டம் வீறுகொண்டபோது, பறையை அடிக்க மறுத்தலே விடுதலையெனக் கொள்ளப்பட்டது. சாவீட்டுக்கு அழைத்தால் வரமாட்டோம் என்று தோலைக் கிழித்தெறிந்தவர்கள் எமது முன்னோடிகள். சென்னையிலோ அதே பறையை ஏந்தி மேடையேறுதலே விடுதலை என்கின்றனர். இரண்டில் எது சரி? பறை அடிப்பவன் எவனுடைய கட்டளையில் அடிக்கிறான் என்று கேட்டால் முரண்பாடு தீரும். கட்டளை அவனுடையதாயின் அது கலை. பிறனுடையதாயின் அது ஊழியம். மலையகத்திலும் தப்பு அவ்வாறே இரு வாழ்க்கை வாழ்ந்தது. விடியற்காலையில் பெரட்டுக்கு ஆள் திரட்ட அடிக்கப்பட்டதும் அதே தப்பு. திருவிழாவில் காமன் கூத்துக்கு ஒலித்ததும் அதே தப்பு.

இனிப் பாட்டின் தரம். அதன் மகிழ்ச்சி போலியானதன்று என்றே கருதுகிறேன். எமது முற்போக்கு மேடைகளில் உழைப்பாளி எப்போதும் அழுதுகொண்டோ முட்டியை உயர்த்திக்கொண்டோ நிற்க வேண்டுமென ஓர் எழுதாச் சட்டம் உண்டு. இப்பாட்டில் அவன் ஆடுகிறான். தாளம் நடைக்குரியது, கூட்டமாக நடப்பவர்கள் தம்முள் சொல்லெறிந்து மறுமொழி வாங்கும் பாங்கு அதில் உண்டு. நடவுப் பாட்டிலும் ஏற்றப் பாட்டிலும் நாம் அறிந்த பாங்குதான். அதன் நடுவே, தோட்டத்தை வளர்த்தவளுக்கே அதன் ஈரம் எட்டாமற் போன கதையைத் தீயின் குரல் ஒப்பாரியாக எடுத்துக் கூறுகிறது. நாலைந்து அடிகள்தாம். பாட்டின் உயிர் அங்கேதான் இருக்கிறது. அதைக் கேட்டும் ஆட்டத்தை நிறுத்தாதவர்கள் கோடிக்கணக்கானோர். இது கேட்டோரின் குறையா, பாட்டின் குறையா என்பதில் எனக்கு நெடுநாள் தடுமாற்றம் இருந்தது.

ஓரளவு பாட்டின் குறையே என்று இப்போது நினைக்கிறேன். நிலம் எல்லா உயிர்க்கும் பொது என்ற பெருங்கருத்தை அது விரைந்து பற்றிக்கொள்கிறது. நாயும் நரியும் பூனையும் பங்காளிகளாகின்றன. நன்று. ஆனால் நிலத்தைப் பிடுங்கியவன் யார், கப்பலேற்றியவன் யார், திருப்பியனுப்பியவன் யார் என்பன அப்பேரொளியில் மங்கிவிடுகின்றன. காட்சிப்பதிவின் கண்பறிக்கும் வண்ணங்கள் அம்மங்கலை இன்னும் அதிகமாக்குகின்றன. வள்ளியம்மாளை அரியணையில் ஏற்றியது உள்ளத்தைத் தொடும் செயல். ஆயினும் அரியணை மன்னனின் பொருள். தோட்டத்துப் பெண்ணை உயர்த்துவதற்கு எமது கற்பனைக்கு இன்னும் அரசனின் நாற்காலிதான் கிடைக்கிறது! கொழுந்துக் கூடையோ அவர் கடந்த கடலோ அவ்வளவு பெருமையுடன் காட்டப்பட்டிருந்தால், தலைமன்னார் பஸ்ஸில் தாளம் போட்ட பையன் ஒருகணமாவது சன்னலுக்கு வெளியே பார்த்திருப்பானல்லவா?

நான்கு நிமிடத்துச் சொச்சப் பாட்டொன்றின் மீது இத்துணை வரலாற்றையும் சுமத்துவது தகுமா எனக் கேட்பீராயின், தகாதுதான். அந்தச் சுமையை வேறு சிலர் ஏற்றனர். மலையக மக்கள் இந்நாட்டுக்கு வந்து 200 ஆண்டுகளானதை ஒட்டி, 2023 ஜூலை 28இல் தலைமன்னாரிலிருந்து ஒரு நடைபயணம் புறப்பட்டு, மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை வழியாக ஆகஸ்ட் 12இல் மாத்தளையை அடைந்தது. முன்னோர் வீழ்ந்த அதே வழியில் பேரர்கள் நடந்தனர். பாட்டு சொல்லாமல் விட்டதைக் கால்கள் சொல்லின என்று கூறினால் மிகையாகாது.

ஆனால் இக்கட்டுரையை எழுதத் தூண்டியது பாட்டின் அழகோ குறையோ அன்று. அது வெளிவந்த பின்னர் நடந்தவைதாம்.

2021 ஆகஸ்டில் 'ரோலிங் ஸ்டோன்' இதழின் இந்தியப் பதிப்பு அட்டையில் தீயும் ஷான் வின்சென்ட் டி போல் என்ற கனடாத் தமிழ்க் கலைஞரும் இடம்பெற்றனர். அவர்கள் புகழ்பெற்ற பாட்டுகளை எழுதிய அறிவு அட்டையில் இல்லை. பா. ரஞ்சித் முதலானோர் குரலெழுப்பிய பின்னரே அறிவின் படத்துடன் மின்வடிவ அட்டையொன்று தோன்றிற்று. 2022 ஜூலை 28இல் சென்னையில் சதுரங்க ஒலிம்பியாட் தொடக்க விழாவில் இதே பாட்டு அரங்கேறியபோதும் அவர் அங்கில்லை. பாட்டைத் தாம் இயற்றி, எழுதி, பாடியதாகவும், ஆறு மாதத்துக்கு அண்மிய உழைப்பு அது எனவும் அவர் எழுதினார். சந்தோஷ் நாராயணன் தமது பங்கை விளக்கி மறுமொழி கூறினார். தீயும் அறிவைத் தாம் எங்கும் மறைக்கவில்லை என்றார். பின்னர் 2024 மார்ச்சில் அதே சந்தோஷ் நாராயணன், இப்பாட்டிலிருந்து கலைஞர்களுக்கு ஒரு காசும் வரவில்லை எனப் பகிரங்கமாகக் கூறினார்.

இவர்களுட் குற்றவாளி யார் என்று தீர்ப்புக் கூற நான் முற்படவில்லை. ஒப்பந்தங்களை நான் கண்டவனல்லன். நிறுவனத்திடம் வேறு கணக்கு இருக்கலாம். என்னை உறுத்துவது வேறு. ஏறக்குறைய அரைக்கோடியின் நூறு மடங்கு காதுகள் கேட்ட பாட்டுக்குக் கணக்கு எங்கே இருக்கிறது என்பது, அதை ஆக்கியவர்களுக்கே தெரியாத ஒரு நிலை எவ்வாறு வந்தது?

மலையக வரலாற்றைப் படித்தவர்களுக்கு இந்நிலை புதியதன்று. தோட்டத்துக்கு ஆள் சேர்த்த கங்காணி முற்பணம் கொடுத்தான். வழிச்செலவும் சோறும் கம்பளியும் அதில் ஏறின. உழைப்பாளி எவ்வளவு கடன்பட்டிருக்கிறான் என்பது துண்டு எனப்பட்ட சீட்டில் எழுதப்பட்டது. புதிய துரை அந்தக் கடனைத் தீர்த்தால்தான் அவன் வேறு தோட்டத்துக்குப் போகலாம். படிக்கத் தெரியாதவனின் வாழ்க்கையை, படிக்கத் தெரிந்தவன் ஒரு தாளில் எழுதி வைத்திருந்தான். 1921இல் சட்டம் துண்டு முறையை ஒழித்தது. இசை வணிகத்திலும் முற்பணம் உண்டு. ஒலிப்பதிவுச் செலவு, காட்சிப்பதிவுச் செலவு, விளம்பரச் செலவு யாவும் கலைஞனின் பங்கில் முதலிற் கழிக்கப்படுவது உலகெங்கும் பெருவழக்கு. ஒவ்வொரு கேட்பிற்கும் விழும் துளிக்காசு முதலில் மேடையை நடத்தும் பெருநிறுவனத்தையும், பின்னர் வெளியீட்டாளரையும் கடந்து, எஞ்சியிருந்தால் கலைஞனை அடைகிறது. கணக்குப் புத்தகம் ஒருநாளும் அவன் கையில் இருப்பதில்லை.

இவ்வொப்புமையை அளவுக்கு மீறி நீட்டுதல் தவறு. பாடகன் கூலியல்லன். அவன் மறுத்துப் பேசலாம், பேசினான், உலகம் கேட்டது. வாந்திபேதியில் வீழ்ந்தவனுக்கு அந்த வாய்ப்பு இருக்கவில்லை. ஆயினும் கணக்கு எவன் கையில் என்ற வினா இரண்டிலும் ஒன்றே.

இதே மன்னார்க் கரையில் வேறொரு கணக்கும் இருந்தது. சிலாவத்துறைக்கும் மறிச்சுக்கட்டிக்கும் அப்பால் முத்துக்குளிப்பு நடந்த நாட்களில், சிப்பிகளைக் கரைக்குக் கொண்டுவந்து வேலியடைத்த கொட்டகையில் மூன்று கூறாகக் குவிப்பர். ஒரு கூறு குளித்தவனுக்கு. இரண்டு கூறு அரசாங்கத்துக்கு. கொள்ளை தான். மூச்சையடக்கி மூழ்கியவனுக்கு மூன்றிலொன்று! ஆனாலும் குவியல் அவன் கண்முன் கிடந்தது. தன் பங்கு எவ்வளவு, தன்னிடமிருந்து எடுக்கப்பட்டது எவ்வளவு என்பதை அவன் பார்த்தறிந்தான். 2021இன் கலைஞனுக்கு அந்தக் குவியல் தென்படுவதில்லை. சுரண்டல் குறைந்ததென்று நாம் மகிழ்வதற்கு முன், அது கண்ணுக்கு மறைந்ததா என்பதைப் பார்த்தல் நன்று.

நண்பரொருவர் இக்கருத்தைக் கேட்டுவிட்டு வேறொரு பக்கத்திலிருந்து தாக்கினார். ஒப்பாரியும் கானாவும் எவருடைய தனிச்சொத்தும் அல்லவே. கிழவிகள் பாடியதை ஒருவர் எடுத்துத் தமதென்பதும், இன்னொருவர் இல்லை எமதென்பதும் ஒரே நோயல்லவா என்றார். கூர்மையான வாதம். எமது மாதோட்டக் கூத்தை அவர் சான்றுக்கு அழைத்தார். 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மன்னார்க் கூத்துப் பிரதிகளைப் பதிப்பித்து அச்சேற்றும் வரை, அவை அண்ணாவிமாரின் வீட்டுப் பெட்டிகளில் ஏடாகவும் கையெழுத்தாகவும் கிடந்தன. ஆடியவன் கூலி கேட்கவில்லை. ஊர் அரிசி கொடுத்தது, ஊர் பந்தலிட்டது, ஊர் விடியவிடியப் பார்த்தது. உண்மைதான். ஆனால் அங்கு விற்பவனும் இருக்கவில்லை என்பதை நண்பர் மறந்துவிட்டார். பொதுச்சொத்து பொதுவில் இருக்குமட்டும் உரிமை பற்றிப் பேச்சில்லை. ஒருவன் அதற்கு வேலியிட்டு வாயிலில் காசு வாங்கத் தொடங்கிய பின்னர், பாடியவன் மட்டும் பொதுவுடைமை பேசிக்கொண்டு வெளியே நிற்க வேண்டும் என்பது எந்த நியாயத்திற் சேர்ந்தது? (கூத்தைப் பற்றிய எமது கனவும் அப்பழுக்கற்றதன்று. எவர் எந்தக் கொட்டகையில் ஆடலாம், எவர் எங்கே இருந்து பார்க்கலாம் என்பதைச் சாதி தீர்மானித்த காலத்தை அறிந்தவர்கள் இன்னும் உயிரோடிருக்கின்றனர்.)

2024இல் அறிவு தமது இசைத்தொகுப்பொன்றை வெளியிட்டார். 'வள்ளியம்மா பேராண்டி' என்பது அதன் பெயர். முதற்றொகுதி என்றும் குறித்தார். தொகுப்புக்குப் பெயரிடுதலைச் சிறு விஷயமாகக் கருதுவோர் உண்டு. நான் அவ்வாறு கருதவில்லை. பெரும் பாட்டில் வள்ளியம்மாள் காட்சிப் பொருளாயிருந்தார். அவர் பெயரை அறிந்தோர், கேட்டோரில் ஒரு சிறு பகுதியினரே. இங்கு அப்பெயர் முகப்பில் நிற்கிறது. பேரன் தனக்குப் பட்டமெதுவும் சூட்டிக்கொள்ளாமல் பாட்டியின் வழியே தன்னை அறிமுகம் செய்கிறான். தந்தைவழியால் மட்டும் ஆளை அறியும் நாட்டில், பத்திரமற்ற பாட்டியொருத்தியை முதலெழுத்தாக்குவது சாதாரணமன்று. அந்தத் தொகுப்பு 'என்ஜாய் எஞ்சாமி' போல உலகைச் சுற்றவில்லை. எங்கள் பஸ்ஸில் அது ஒலித்து நான் கேட்டதுமில்லை. வெற்றியை எண்ணிக்கையால் அளப்பவர்கள் இதைத் தோல்வியென்பர். அவர்களுடைய எண்ணிக்கையிலிருந்து யாருக்கு என்ன கிடைத்தது என்பதை மேலே கண்டோம்.

வகுப்பில் இப்பாட்டைப் பற்றி ஒருநாள் பேசினேன். முப்பத்தைந்து பேரில் எல்லோருக்கும் பாட்டுத் தெரியும். தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு மக்கள் நடந்து போனார்கள் என்பது நான்கு பேருக்குத் தெரிந்திருந்தது. அவர்களில் மூவர், 1977 வன்செயலுக்குப் பின் மலையகத்திலிருந்து வன்னிக்கு வந்து குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகள். பாட்டிமார் பாடும் பாட்டு எதையாவது எழுதி வருமாறு கூறினேன். எழுதும்போது பாட்டின் தலைப்பில் பாடியவரின் பெயரையும் ஊரையும் போட வேண்டும் என்றேன். பலர் சினிமாப் பாட்டையே எழுதி வந்தனர். அதற்கும் பாட்டியின் பெயரைப் போட்டிருந்தான் ஒருவன். மடு வீதிப் பக்கத்திலிருந்து வரும் மாணவியொருத்தி, கோடு போட்ட கொப்பியில் மூன்று பாட்டுகள் கொண்டுவந்தாள். ஒன்று தாலாட்டு, ஒன்று கொழுந்தெடுக்கையில் பாடுவது, மூன்றாவது, கப்பலேறிப் போன அக்காளை நினைத்து அழும் ஒப்பாரி. கொப்பியை என்னிடம் நீட்டியவள் கையை எடுக்கவில்லை.

"சேர், அம்மாயி கேக்கச் சொன்னாங்க," என்றாள். "இத எங்க கொண்டுபோகப் போறீங்கன்னு."